ஆடும் கேமராவும் பிரட்டும் வயிறும்: ‘க்ளோவர்ஃபீல்ட்’ படத்தை வீட்டில் பார்க்க விரும்புவோருக்கு ஒரு மதிப்புரை

2008 ஜனவரி 18 அன்று அமெரிக்காவில் ‘க்ளோவர்ஃபீல்ட்’ வெளியாகி ஓடிக்கொண்டிருந்த நாட்களில், ஏஎம்சி நிறுவனத்தின் திரையரங்குகளில் ஓர் எச்சரிக்கை ஒட்டப்பட்டது. ரோலர் கோஸ்டரில் ஏறி இறங்கியவருக்கு வருவதைப் போன்ற தலைச்சுற்றலும் குமட்டலும் இந்தப் படத்தைப் பார்ப்பவருக்கும் வரக்கூடும் என்பது அதன் சாரம். ரத்தம் தெறிக்கும் காட்சிகளுக்கும் வன்முறைக்கும் எச்சரிக்கை வைப்பது வழக்கம்தான். இது கதையில் நடப்பதற்காக வைத்த எச்சரிக்கை அல்ல. கேமரா அசையும் விதத்துக்காக வைத்தது. அந்த வகையில் இது அபூர்வமான படம். வாங்குவதற்கு முன்போ, இணையத்தில் வாடகைக்கு எடுப்பதற்கு முன்போ, ‘படம் நன்றாக இருக்கிறதா?’ என்று கேட்பதோடு ‘என் உடம்பு தாங்குமா?’ என்றும் கேட்டாக வேண்டியிருக்கிறது.

மலைப்பாதைப் பேருந்தில் மூன்றாவது கொண்டை ஊசி வளைவிலேயே சன்னலைத் திறக்கச் சொல்லும் கூட்டத்தைச் சேர்ந்தவன் நான். காரில் போகும்போது கைப்பேசியைப் படிக்க முடியாதவர்கள், ராட்டினத்தைப் பார்த்தாலே தள்ளி நிற்பவர்கள், ஒற்றைத் தலைவலி உள்ளவர்கள் ஆகியோரை மனத்தில் வைத்துத்தான் இந்த மதிப்புரையை எழுதுகிறேன். படத்தைப் பற்றி ஏராளமான விமர்சனங்கள் உள்ளன. அவற்றில் பெரும்பாலானவை ‘கேமரா கொஞ்சம் ஆடுகிறது’ என்ற ஒரு வரியோடு நகர்ந்துவிடுகின்றன. எங்களைப் போன்றவர்களுக்கு அந்த ஒரு வரிதான் படத்தின் பாதி.

மேட் ரீவ்ஸ் இயக்கிய இந்தப் படத்தைத் தயாரித்தவர்களில் முதன்மையானவர் ஜே.ஜே. ஆப்ரம்ஸ்; எழுதியவர் ட்ரூ காடர்ட். ஜப்பானுக்கு வேலைக்குப் போகவிருக்கும் ராப் என்ற இளைஞனுக்கு மன்ஹாட்டனில் நண்பர்கள் வழியனுப்பு விருந்து வைக்கிறார்கள். அதை வீடியோ எடுக்கும் பொறுப்பு ஹட் என்ற நண்பனின் தலையில் விழுகிறது. விருந்தின் நடுவே நகரம் அதிர்கிறது. ஏதோ ஒரு பிரம்மாண்டமான உயிர் நியூயார்க்கைச் சிதைக்கத் தொடங்குகிறது. ஹட் கேமராவைக் கீழே வைக்கவே இல்லை. நாம் பார்ப்பது முழுவதும், பின்னாளில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் கைக்குக் கிடைத்த அந்த ஒற்றை நாடாவின் பதிவு என்பதுதான் படத்தின் ஏற்பாடு. இரண்டரைக் கோடி டாலர் அளவிலான செலவில் எடுத்து, உலகம் முழுவதும் 17 கோடி டாலருக்கு மேல் வசூலித்த படம் இது.

ஆடும் கேமரா இந்தப் படத்துடன் பிறந்ததல்ல. 1995-இல் டென்மார்க்கில் உருவான டாக்மே என்ற திரைப்பட இயக்கத்தின் விதிகளில் ஒன்றே, கேமராவைக் கையில்தான் பிடிக்க வேண்டும் என்பது. 1999-இல் வந்த ‘தி பிளேர் விட்ச் ப்ராஜெக்ட்’ படத்தை, காட்டில் வழி தவறியவர்களாக நடித்தவர்களே கையில் கேமராவை வைத்துக்கொண்டு எடுத்தார்கள். அப்போதும் அரங்குகளில் வாந்தி எடுத்தவர்களைப் பற்றிய பேச்சு பரவலாக இருந்தது. 2007-இல் பால் கிரீன்கிராஸ் இயக்கிய ‘தி போர்ன் அல்டிமேட்டம்’ இதே ஆட்டத்தைப் பெரிய நட்சத்திரப் படத்துக்குள் கொண்டுவந்தது. அதில் ஒரு ஷாட்டின் சராசரி நீளம் இரண்டு நொடி அளவில்தான். சிலருக்கு வயிற்றைப் பிரட்டிய அதே படம், சிறந்த படத்தொகுப்பு உட்பட மூன்று ஆஸ்கர் விருதுகளை வென்றது. கலையைத் தேர்ந்தெடுப்பவர்களின் கண்ணும் பார்ப்பவரின் உடம்பும் ஒரே தீர்ப்பை எழுத வேண்டியதில்லை என்பது அந்த ஆண்டில் பளிச்சென்று தெரிந்தது.

ஆடும் கேமராவை ஆதரித்துப் பேசுகிறவர்கள் வழக்கமாகச் சொல்லும் காரணம், அது நிஜத்தைப் போல இருக்கிறது என்பதே. அந்த வாதத்தில் ஒரு பிழை இருக்கிறது. அதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். அச்சிட்ட ஒரு தாளைக் கையில் அசையாமல் பிடித்துக்கொண்டு, தலையை மட்டும் ‘இல்லை’ என்று சொல்வதைப் போல இடமும் வலமுமாக வேகமாக ஆட்டியபடி ஒரு வரியைப் படியுங்கள். எழுத்துகள் தெளிவாகத் தெரியும். பிறகு தலையை அசைக்காமல், தாளை மட்டும் அதே வேகத்தில் ஆட்டிப் பாருங்கள். எழுத்துகள் கலங்கிக் கோடுகளாகிவிடும். இரண்டு முறையும் தாளுக்கும் கண்ணுக்கும் இடையிலான அசைவின் அளவு ஏறத்தாழ ஒன்றுதான். தலை திரும்பினால் உட்செவியில் உள்ள அரைவட்டக் குழல்கள் அதை உடனே உணர்ந்து, நூறில் ஒரு பங்கு நொடி அளவுக்குள் கண்களை எதிர்த்திசையில் நகர்த்திப் பார்வையை நிலைநிறுத்திவிடுகின்றன. தாளை ஆட்டும்போது உட்செவிக்கு எந்தத் தகவலும் போவதில்லை. கண் தனியாகத் துரத்திப் பார்த்துத் தோற்றுப்போகிறது.

ஆகவே உயிருக்குப் பயந்து தெருவில் ஓடும் மனிதனுக்கு உலகம் குலுங்குவதாகத் தெரியாது. அவன் கையில் இருக்கும் கேமராவுக்குத்தான் அப்படித் தெரியும். குலுங்கும் காட்சி வீடியோ நாடாவின் நிஜமே தவிர, மனிதப் பார்வையின் நிஜம் அல்ல. இதைப் புரிந்துகொண்டால் ‘க்ளோவர்ஃபீல்ட்’ மற்றப் படங்களிலிருந்து எங்கே வேறுபடுகிறது என்பதும் விளங்கும். யாரும் கேமராவைப் பிடித்திருக்காத ஒரு சண்டைக் காட்சியில், கேமராவை மட்டும் யாரோ தட்டிவிட்டதைப் போல ஆட்டுவதற்குக் கதைக்குள் காரணம் எதுவும் இல்லை. இங்கே காரணம் இருக்கிறது. ஹட் என்ற ஒருவன் இருக்கிறான், அவனுக்கு வீடியோ எடுக்கத் தெரியாது, அவன் பயந்திருக்கிறான், பேசிக்கொண்டே எடுக்கிறான், யாராவது கூப்பிட்டால் கேமராவோடு சேர்த்தே திரும்புகிறான். அவனுடைய குணம் முழுவதும் சட்டத்தின், அதாவது திரையில் தெரியும் ஃப்ரேமின், அசைவிலேயே எழுதப்பட்டிருக்கிறது. முகமே பெரிதாகத் தெரியாத ஒருவனை இவ்வளவு நெருக்கமாக நமக்கு அறிமுகப்படுத்திய படங்கள் குறைவு. ஆடும் கேமராவுக்கு முழு நியாயம் செய்த படங்களில் இதை முதல் வரிசையில் வைப்பேன்.

ஆனால் நியாயம் இருக்கிறது என்பதற்காக வயிறு சமாதானமாகிவிடுவதில்லை. உடம்பு கதையின் தர்க்கத்தைப் படிப்பதில்லை. கண்ணும் உட்செவியும் சொல்வதைத்தான் ஒப்பிட்டுப் பார்க்கிறது. கண் ‘நகர்கிறோம்’ என்கிறது. உட்செவி ‘உட்கார்ந்திருக்கிறோம்’ என்கிறது. இந்த முரண்பாடே குமட்டலுக்குக் காரணம் என்று ஜேம்ஸ் ரீசனும் பிராண்டும் 1975-இல் வெளியிட்ட நூலில் விரிவாக வாதிட்டார்கள். இன்றும் பரவலாக ஏற்கப்படும் விளக்கம் அதுதான். உட்செவியின் சமநிலை உறுப்பு முழுமையாகச் செயலிழந்தவர்களுக்குக் கப்பலிலோ காரிலோ குமட்டல் வருவதில்லை என்ற உண்மை, அந்த உறுப்புக்கு இதில் உள்ள பங்கை உறுதிப்படுத்துகிறது. இன்னொரு விளக்கமும் உண்டு. உடம்பு தன் நிலையைச் சரியாகக் கட்டுப்படுத்த முடியாமல் நுட்பமாகத் தள்ளாடுவதே குமட்டலுக்கு முன்னோடி என்று ரிச்சியோவும் ஸ்டாஃப்ரெகனும் 1991-இல் முன்வைத்தார்கள். எது முழு உண்மை என்ற விவாதம் ஒருபுறம் இருக்கட்டும்; படம் பார்க்க உட்காருபவருக்கு இரண்டிலுமிருந்து பயனுள்ள பாடம் கிடைக்கிறது. முதலாவது, அசையாத ஏதாவது ஒன்று கண்ணில் பட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்கிறது. இரண்டாவது, தலையையும் முதுகையும் நன்றாகச் சாய்த்துத் தாங்கலோடு உட்கார வேண்டும் என்கிறது.

கேமராவைப் பிடித்திருப்பவருக்கு ஏன் குமட்டுவதில்லை என்று கேட்கலாம். வண்டி ஓட்டுபவருக்கு அரிதாகவும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு அடிக்கடியும் குமட்டல் வருவதற்கான அதே காரணம்தான். அடுத்த அசைவு எந்தப் பக்கம் என்பது ஓட்டுபவருக்கு முன்கூட்டியே தெரியும். எடுத்தவருக்கும் தொகுத்தவருக்கும், பலமுறை பார்த்துப் பழகியதால், ஒவ்வொரு ஆட்டமும் மனப்பாடமாகிவிடுகிறது. முதல்முறை பார்க்கும் நமக்கோ எதுவும் தெரியாது. படம் எடுப்பவர்கள் இந்தத் தொல்லையைக் குறைத்து மதிப்பிடுவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் எண்ணம்.

இந்தப் படத்தை வீட்டில் பார்ப்பதே நல்லது என்று நான் உறுதியாகச் சொல்வதற்குக் காரணம், திரை நம் பார்வையில் எவ்வளவு இடத்தைப் பிடிக்கிறது என்ற கணக்கு. 15 மீட்டர் அகலமுள்ள திரைக்கு 6 மீட்டர் தொலைவில், முன்வரிசையில் உட்கார்ந்தால், திரை நம் கண்ணில் 100 டிகிரிக்கும் சற்று அதிகமான கோணத்தை அடைத்துக்கொள்ளும். ஓரக்கண்ணிலும் திரைதான், சுவர் தெரியாது. அதே அரங்கில் 20 மீட்டர் தள்ளிக் கடைசி வரிசைக்குப் போனால் அது சுமார் 41 டிகிரியாகக் குறைகிறது. வீட்டில் 55 அங்குலத் தொலைக்காட்சியின் அகலம் ஏறத்தாழ 122 சென்டிமீட்டர். 2 மீட்டர் தொலைவிலிருந்து பார்த்தால் 34 டிகிரி. 3 மீட்டருக்குத் தள்ளிப்போனால் 23 டிகிரி. ஓரப் பார்வையை நிரப்பும் அசைவுதான் ‘நாமே நகர்கிறோம்’ என்ற மயக்கத்தை வலுவாக உண்டாக்குகிறது. எனவே நாற்காலியை ஒரு மீட்டர் பின்னால் இழுப்பது நிஜமாகவே வேலை செய்கிறது. இந்தப் படத்தில் அந்த வேறுபாட்டை நான் தெளிவாக உணர்ந்தேன்.

திரை சிறியதாக இருந்தால் போதும் என்று மடிக்கணினிக்கு மாறுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 14 அங்குல மடிக்கணினியின் திரை 31 சென்டிமீட்டர் அகலம் கொண்டது; அதை மடியில் வைத்து 60 சென்டிமீட்டர் தொலைவில் பார்த்தால், கோணம் 29 டிகிரி. அதாவது அதே 55 அங்குலத் தொலைக்காட்சியை இரண்டரை மீட்டருக்கும் குறைவான தொலைவில் பார்ப்பதற்குச் சமம். கைப்பேசியில் கோணம் குறைவுதான். ஆனால் கையில் பிடித்திருக்கும் திரையும் சேர்ந்து ஆடும். போதாக்குறைக்கு, பின்னணியில் எங்கோ ஒரு கட்டடத்துக்கு அப்பால் நகரும் பெரிய நிழலைத் தேடிக் கண்டுபிடிப்பதே இந்தப் படத்தின் சுவை. அதைக் கைப்பேசியில் பார்ப்பதற்குப் பார்க்காமலே விட்டுவிடலாம்.

அறை விளக்கை அணைக்காதீர்கள். திகில் படத்தை இருட்டில்தான் பார்க்க வேண்டும் என்ற பிடிவாதம் உள்ளவர்களுக்கு இது கசப்பாக இருக்கும். தொலைக்காட்சிக்குப் பின்னால் உள்ள சுவர், அலமாரி, கடிகாரம் எல்லாம் மங்கலாகவாவது தெரிய வேண்டும். கப்பலில் தொடுவானத்தைப் பார்க்கச் சொல்வதைப் போல, அசையாத அந்த விளிம்புகளை அவ்வப்போது கண் தொட்டுவிட்டு வந்தால் போதும். தொலைக்காட்சியில் மோஷன்ஃப்ளோ, ட்ரூமோஷன் போன்ற பெயர்களில், இடைச் சட்டங்களைத் தானாக உருவாக்கி அசைவை வழுவழுப்பாக்கும் வசதி இருந்தால் அதையும் நிறுத்திவிடலாம். நொடிக்கு 24 சட்டங்களாக ஓடும் இந்தப் படத்தில் கேமரா வெடுக்கென்று திரும்பும்போது, அந்த வசதி ஆட்களின் விளிம்புகளைச் சுற்றி ஒரு குழைவை உண்டாக்குகிறது. அது என் கண்ணுக்குக் கூடுதல் உறுத்தலாகவே இருந்தது.

இனி, படத்தின் எந்தப் பகுதி எவ்வளவு கடினம் என்பதைச் சொல்கிறேன். கதையின் முடிச்சுகளை முடிந்தவரை தவிர்க்கிறேன்.

எல்லோரும் எதிர்பார்ப்பதற்கு மாறாக, எனக்கு மிகக் கடினமாக இருந்தது அரக்கன் வருவதற்கு முந்தைய விருந்துதான். முதல் இருபது நிமிடம் அளவுக்கு நீளும் அந்தப் பகுதியில் பெரிய சம்பவம் எதுவும் இல்லை. ஹட் ஒவ்வொருவரிடமும் போய் வாழ்த்துச் சொல்லச் சொல்கிறான், நடுவில் தனக்குப் பிடித்த பெண்ணின் பக்கம் கேமரா தானாக நகர்கிறது, மறுபடி திரும்புகிறது. வேகமான உலுக்கல் இல்லை. மெதுவான, அலை போன்ற ஊசலாட்டம்தான். கப்பலில் வரும் குமட்டலை ஆராய்ந்தவர்கள், ஐந்து நொடிக்கு ஒருமுறை மேலும் கீழுமாக ஏறி இறங்கும் மெதுவான அசைவுதான் உடம்பை மிக அதிகமாகத் தொந்தரவு செய்கிறது என்று கண்டறிந்திருக்கிறார்கள். வேகமான அதிர்வு அந்த அளவுக்குச் செய்வதில்லை. திரையில் பார்க்கும் அசைவுக்கும் அதே கணக்கு அப்படியே பொருந்துமா என்பது வேறு கேள்வி. என் அனுபவத்தில், கொட்டாவியும் வாயில் எச்சில் ஊறுவதும் இந்த விருந்தின் நடுவில்தான் தொடங்கின. இந்த இரண்டும் முதல் அறிகுறிகள். நெற்றியில் குளிர்ந்த வியர்வையும் முகம் வெளிறுவதும் அடுத்து வரும். கொட்டாவி வந்தவுடனே படத்தை நிறுத்திவிட வேண்டும். ‘இன்னும் கொஞ்ச நேரம்’ என்று தாக்குப்பிடித்தால், பிறகு நிறுத்தினாலும் குமட்டல் உடனே அடங்காது. மணிக்கணக்கில் கூட நீடிக்கும்.

சுதந்திரதேவி சிலையின் தலை தெருவில் வந்து விழும் புகழ்பெற்ற காட்சியிலும், அதைத் தொடரும் ஓட்டத்திலும் கேமரா பயங்கரமாகக் குலுங்குகிறது. ஆனால் அவை சிறுசிறு துண்டுகள். ஒரு கடைக்குள் ஒளிந்ததும் கேமரா நின்றுவிடுகிறது. வெளியே வெண்புழுதி கண்ணாடியை மூடுகிறது. கண்ணுக்கு அங்கே ஓய்வு கிடைக்கிறது. புரூக்ளின் பாலத்தின் மேல் கூட்டத்தோடு நகரும் காட்சி நடுத்தரமான சிரமம்தான். சுரங்க ரயில்பாதை வழியாக இருட்டில் நடக்கும் பகுதி கடினமானது: கேமராவின் சிறு விளக்கு மட்டுமே வெளிச்சம் என்பதால், பற்றிக்கொள்வதற்கு அசையாத பொருள் சட்டத்துக்குள் எதுவுமே இல்லை. பிற்பகுதியில், சாய்ந்து இன்னொரு கட்டடத்தின் மேல் படிந்து நிற்கும் அடுக்குமாடிக்குள் ஏறும் காட்சி தனி வகை. அங்கே கேமராவோடு தரையும் சாய்ந்திருக்கிறது. எது மேல், எது கீழ் என்பதே குழம்பும் அந்த நிமிடங்களில் நான் கண்களை மூடிக்கொண்டேன்.

கண்களை மூடுவது தோல்வியல்ல. கண் தரும் பொய்த் தகவல் நின்றுவிட்டால் முரண்பாடும் நின்றுவிடுகிறது. இதைவிட விரைவான வைத்தியம் கிடையாது. இந்தப் படத்தில் அப்படிச் செய்தாலும் கதை கையை விட்டுப் போகாது. ஓடும் கதைக்குப் பின்னணி இசையே கிடையாது. மைக்கேல் ஜியாக்கினோ அமைத்த ‘ரோர்!’ என்ற இசை, படம் முடிந்து பெயர்கள் ஓடும்போதுதான் வருகிறது. அதுவரை காலடி ஓசை, மூச்சு, தொலைவில் கான்கிரீட் நொறுங்கும் சத்தம், ஹட்டின் ஓயாத பேச்சு ஆகியவைதாம். நல்ல ஒலிபெருக்கியோ ஹெட்ஃபோனோ இருந்தால், கண்ணை மூடிய சில நொடிகளில் பயம் கூடுகிறதே தவிரக் குறைவதில்லை. இந்த ஒலியமைப்புக்காகவே, கைவசம் ப்ளூ-ரே கருவி உள்ளவர்களுக்கு இணையப் பதிவைவிட ப்ளூ-ரே தட்டையே பரிந்துரைப்பேன்.

பார்ப்பவரின் நிலையைப் படக்குழு அடியோடு மறந்துவிடவில்லை என்பதற்கு ஓர் அழகான சான்று உண்டு. ஹட் பயன்படுத்தும் நாடாவில், சில வாரங்களுக்கு முன் ராப்பும் அவன் நேசிக்கும் பெத் என்ற பெண்ணும் ஒன்றாகக் கழித்த ஓர் ஏப்ரல் நாளின் பதிவு ஏற்கெனவே இருக்கிறது. அதன் மேல்தான் இந்த இரவு பதிவாகிறது. கேமரா நின்று மறுபடி தொடங்கும் இடைவெளிகளில் பழைய பதிவின் துணுக்குகள் எட்டிப்பார்க்கின்றன: காலை வெளிச்சம், சிரிப்பு, கோனி ஐலண்டுக்குப் போகும் பயணம். கதைக்கு அவை செய்யும் வேலை நெஞ்சைத் தொடுவது. அதோடு, ஓட்டமும் அலறலும் நிறைந்த நீண்ட பகுதிகளுக்கு நடுவே கண்ணும் வயிறும் மூச்சுவிடும் இடங்களாகவும் அவை அமைகின்றன. இன்னும் சில துணுக்குகள் சேர்த்திருந்தால் பாதியில் எழுந்து போனவர்கள் பலர் முடிவுவரை இருந்திருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

தொழில்நுட்பத்தைப் பற்றியும் ஒரு சொல். வீட்டுக் கேமராவின் தோற்றத்துக்குப் பின்னால், சோனி எஃப்23, தாம்சன் வைப்பர் போன்ற பெரிய டிஜிட்டல் கேமராக்களும் உழைத்திருக்கின்றன. டபுள் நெகட்டிவ், டிப்பெட் ஸ்டூடியோ ஆகிய நிறுவனங்களின் கலைஞர்கள், நிலையில்லாமல் குலுங்கும் ஒவ்வொரு சட்டத்திலும் கேமரா எங்கே இருந்தது என்பதைக் கணக்கிட்டு, அதற்கேற்ப அரக்கனையும் இடிந்த கட்டடங்களையும் பொருத்த வேண்டியிருந்தது. ஆட்டத்தில் குறைகள் மறைந்துவிடும் என்பது பொதுவான நினைப்பு. இங்கே நிறுத்தி நிறுத்திப் பார்த்தாலும் அந்தப் பொருத்தம் குலையவில்லை. குமட்டலுக்காக அடிக்கடி நிறுத்த நேர்ந்ததில் எனக்குக் கிடைத்த லாபம் இது.

மருந்தைப் பற்றிக் கேட்பவர்கள் உண்டு. பயணத்துக்கு முன் போட்டுக்கொள்ளும் புரோமெதசின், சின்னரிசின் வகை மாத்திரைகள் குமட்டலைத் தடுக்கும்; ஆனால் தூக்கத்தைத் தரும். குமட்டல் தொடங்கிய பிறகு போடுவதைவிட முன்கூட்டியே போடும்போதுதான் அவை நன்றாக வேலை செய்கின்றன. 85 நிமிடப் படத்துக்காக மாத்திரை போட்டுக்கொண்டு, பாதியில் தூங்கிவிழுவதில் பொருளில்லை. வேறு மருந்துகள் எடுப்பவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் தொடவும் கூடாது. மணிக்கட்டில் அழுத்தும் பட்டைகளுக்கு ஆய்வு முடிவுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. இஞ்சிக்கும் அதே நிலைதான் என்றாலும், பேருந்து நிலையத்தில் விற்கும் இஞ்சி மரப்பா ஒரு துண்டு வாயில் இருந்தால் எனக்கு ஆறுதலாக இருக்கிறது, கெடுதலும் இல்லை. வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு உட்காராதீர்கள். வெறும் வயிற்றோடும் உட்காராதீர்கள். மின்விசிறிக் காற்று முகத்தில் படட்டும்.

குழந்தைகளோடு பார்க்க நினைப்பவர்கள் கூடுதல் கவனம் எடுக்க வேண்டும். இரண்டு வயதுக்குக் கீழ் இந்தத் தொல்லை அரிது. அதற்குப் பிறகு ஏறக்குறைய பன்னிரண்டு வயதுவரை இது மிகுதியாக இருக்கும். அமெரிக்காவில் பிஜி-13 சான்றிதழ் (பதின்மூன்று வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் விஷயத்தில் பெற்றோர் கவனம் தேவை என்பது) பெற்ற படம் என்பதால், திகிலைத் தாங்குவான் என்று நம்பிப் பத்து வயதுப் பிள்ளையை உட்காரவைப்பவர்கள் உண்டு. பிள்ளை பயப்படாமல் இருக்கலாம். ஆனால் ‘தலை வலிக்குது’ என்று சொன்னால் அதைப் பயம் என்று எடுத்துக்கொண்டு தைரியம் சொல்லாமல், படத்தை நிறுத்துங்கள். பெண்களுக்கும் ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கும் இந்தக் குமட்டல் அதிகம் என்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரியவந்திருக்கிறது. கூட உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதால், இன்னொருவருடைய வேதனை பாவனையாகிவிடாது. வீட்டுக்கு வீடு இந்தப் பேச்சு நடப்பதைப் பார்த்திருக்கிறேன்; அது என்னை வருத்துகிறது.

எனக்கு உண்மையான மனக்குறை இணையச் சேவைகள் மேல்தான். வெளிச்சம் வெட்டி வெட்டி மின்னும் காட்சிகளுக்கு, வலிப்பு நோயாளிகளை மனத்தில் வைத்து, இப்போது பல இடங்களில் தொடக்கத்திலேயே எச்சரிக்கை காட்டுகிறார்கள். அது மிக நல்ல வழக்கம். புகைபிடித்தல், கெட்ட வார்த்தை, வன்முறை என்று ஒவ்வொன்றையும் சான்றிதழோடு பட்டியலிடுகிறார்கள். கேமரா ஆடும் என்று ஒரு சொல் சேர்ப்பதில் என்ன சிரமம்? 2008-இல் ஒரு திரையரங்க நிறுவனம் காகிதத்தில் ஒட்டிச் செய்த காரியத்தை இன்று திரையிலேயே செய்யலாம். படத்தின் சுவையை அது எந்த வகையிலும் கெடுக்காது. எந்த நாளில், எந்த நேரத்தில், எவ்வளவு தொலைவில் உட்கார்ந்து பார்ப்பது என்று முடிவெடுக்க எங்களுக்கு உதவும்.

வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா என்றால், குமட்டல் தொல்லை இல்லாதவர்கள் தயங்காமல் ப்ளூ-ரே தட்டையே வாங்கலாம். அதிலுள்ள இயக்குநரின் உரைப் பதிவும் கேட்கத் தகுந்தது. தொல்லை உள்ளவர்கள் முதலில் வாடகைக்கு எடுத்து, பகல் வெளிச்சத்தில், விருந்துப் பகுதியை மட்டும் பார்த்துச் சோதியுங்கள். அதைத் தாண்ட முடிந்தால், நடுநடுவே நிறுத்தி எழுந்து நடந்து, மீதியையும் தாண்டிவிடுவீர்கள். வாடகைக் கெடு 48 மணி நேரம் இருந்தால், இரண்டு மாலைகளாகப் பிரித்துக்கொள்வதே வசதி. சுரங்கப்பாதைக் காட்சிக்கு முன் நிறுத்துவது நல்ல இடம். விருந்தையே தாண்ட முடியாதவர்கள் இதை விட்டுவிட்டு, 2016-இல் வந்த ‘10 க்ளோவர்ஃபீல்ட் லேன்’ படத்துக்குப் போகலாம். கதை தனி, நிலவறைக்குள் மாட்டிக்கொண்ட மூவரைப் பற்றியது. கேமராவும் வழக்கமான படங்களில் போல நிதானமாகவே நகர்கிறது. முந்தைய படத்தைப் பார்க்காதவருக்கும் அது முழுமையாகப் புரியும்.